கன்னம் வீங்கிய வருஷம்

12 ஜனவரி 1995
காலையில் பசியாறும்போது இடது காதுக்குக் கீழே இறுக ஆரம்பித்தது. ரொட்டியை இரண்டு கடி கடிப்பதற்குள் கன்னம் உப்பிவிட்டது. மாமியார் பார்த்த உடனே சொல்லிவிட்டார்: பொன்னுக்கு வீங்கி. ஷாந்தினியை என் மடியிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார். வாசலில் வேப்பிலை செருகியாயிற்று. தன் இரண்டு பவுன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பொன் பட்டால் வடியுமாம். மத்தியானமே பிள்ளையை ஜாசினுக்கு அனுப்பிவிட்டார்கள், நாத்தனார் சுசீலா அண்ணி வீட்டுக்கு. ஒன்பது மாதப் பிள்ளை. இன்னும் பால் குடிக்கிறாள்.

13 ஜனவரி
பால் கட்டி நெஞ்சு வலிக்கிறது. கன்னத்து வலியெல்லாம் ஒரு வலியா?

19 ஜனவரி
நாலே நாளில் வடிந்துவிட்டது. எல்லாம் சங்கிலியின் மகிமை என்று பக்கத்து வீட்டுப் பெத்தம்மாள் அக்காவிடம் மாமியார் பெருமை அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை மட்டும் இன்னும் மூன்று வாரம் கழித்துத்தான் வருமாம். தொற்றிக்கொள்ளுமாம்.

9 பிப்ரவரி
வந்துவிட்டாள். மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பாட்டில் பழகிவிட்டது.

3 மார்ச்
மறுபடியும். இந்த முறை இரண்டு பக்கமும். ஒரு தடவை வந்தால் திரும்ப வராது என்பார்களே மாமி என்று கேட்டேன். “உங்க வீட்டுல ஒழுங்கா பொன்னு போட்டு அனுப்பியிருந்தா இது ஏன் திரும்ப வருது?” என்றார். அப்பா எஸ்டேட்டில் ரப்பர்ப் பால் மரம் வெட்டிச் சேர்த்துப் போட்டது மாமியார் கண்ணுக்குப் பொன்னாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

சாயந்திரம் என் வீட்டுக்காரர் என்னைப் பாயா ரும்புட் கிளினிக்குக் கூட்டிப் போனார். டாக்டர் அமுக்கிப் பார்த்தார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு இவரோடு ரொம்ப நேரம் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். மருந்து கொடுத்திருக்கிறார், சரியாகிவிடும் என்றார் இவர்.

பிள்ளை ஜாசினில்.

18 ஏப்ரல்
ஷாந்தினிக்கு ஒரு வயது. கேக் வெட்டியது ஜாசினில். எனக்கு நேற்றே வலது பக்கம் வீங்கிவிட்டது, அதனால் நான் போகக் கூடாது. மார்ச்சில் போனவள் இன்னும் வீடு திரும்பவில்லை. வடிந்து மூன்று வாரம் ஆவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து.

இவர் செம்பனைக் குலை ஏற்றி லோரி ஓட்டுவது ஜாசின் வழிதான். தினமும் பார்க்கிறார். பல் முளைத்ததை அவர் வாயால்தான் கேட்டேன்.

30 மே
நின்றாளாம்.

26 ஜூன்
செங்கில் நான் வேலை செய்யும் பாக்டரியில் இருக்கும்போதே வீங்கிவிட்டது. அங்குள்ள நர்ஸ் எழுதிக்கொடுத்த கடிதத்தோடு நானே பஸ் ஏறி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கே ஒரு மலாய்க்கார லேடி டாக்டர் கன்னத்தை வெளியிலிருந்து அழுத்தித் தடவினார். உள்ளே, கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, வெள்ளையாக ஜவ்வு மாதிரி ஒன்று வெளியே வந்தது. அதைச் சோதனைக்கு அனுப்பினார். சின்ன வயதில் மூச்சிழுப்பு இருந்ததா, காலையில் தும்முவீர்களா என்று கேட்டார். இரண்டும் உண்டு.

10 ஜூலை
முடிவு வந்தது. அலர்ஜியாம். எச்சில் வரும் குழாயில் அந்த ஜவ்வு அடைத்துக்கொள்கிறது, சுரப்பி வீங்குகிறது. ரொம்ப அபூர்வம், புத்தகத்தில்தான் படித்திருக்கிறேன் என்றார். அடியோடு போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம். நான் ஒன்றுதான் கேட்டேன். பிள்ளைக்குத் தொற்றுமா? தொற்றவே தொற்றாது என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

ஆறு மாதம். எதற்கு?

இரவு
கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுத் தலை நிமிரவில்லை. எனக்குப் பொறி தட்டியது. மார்ச்சில் கிளினிக் டாக்டர் என்ன சொன்னார்?

“அம்மை இல்ல, தொத்தாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னுதான் சொன்னாரு.”

“அப்ப ஏன் மறைச்சீங்க?”

“பன்னெண்டு வருஷமா பிள்ளை இல்லாம அக்கா சிரிச்சே நான் பாத்ததில்ல மலர். ஷாந்தினி போனப்புறம்தான் சிரிக்குது. கொஞ்ச நாள்தானேன்னு நெனச்சேன்.”

கொஞ்ச நாளாம். அவுங்க அக்கா சிரிக்க என் பிள்ளையா கெடச்சுச்சு? நான் யாரு இந்த வீட்டுல? மாமிக்காவது தெரியாது, பயந்தாங்க. தெரிஞ்சே செஞ்சாரே இந்த மனுஷன் — தெரிஞ்சே.

11 ஜூலை
விடிந்ததும் ஜாசினுக்குப் போய்த் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணி துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார். பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள், பிள்ளை பிடிக்கிறவள் கையில் அகப்பட்டதைப் போல.

15 ஜூலை
சாப்பிட மாட்டேன் என்கிறாள். அண்ணியை வரச் சொல்லி நானே போன் பண்ணினேன். வந்து ஊட்டினார். சாப்பிட்டாள். நான் சமையலறையில் நின்றேன்.

14 நவம்பர்
மாத்திரையால் வீக்கம் குறைந்திருக்கிறது. இவருக்குச் சோறு போட்டு வைக்கிறேன், பேச்சு அவ்வளவுதான். அண்ணி வெள்ளிக்கிழமைதோறும் வந்து போகிறார்.

ஷாந்தினி இப்போது என்னிடம் அழுவதில்லை. என் கையால் குளிக்கிறாள், என் பக்கத்தில் தூங்குகிறாள். மற்றவர்கள் கூப்பிடுவதைக் கேட்டு என்னை மலர் என்கிறாள். இன்று தலை சீவிவிடும்போது நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்து, “மலர், அம்மா வரும்?” என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை என்றேன்.