குறுக்குக் கேள்விகள்

ஜூன் 2

அடி அமுக்குணி,

நான் நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். நீயாக வாயைத் திறந்து சொல்லப் போவதில்லை, நானே வைத்துக்கொள்கிறேன்.

வந்துவிட்டது! பல் மருத்துவக் கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்கு எனக்கும் அழைப்பு. உனக்கு 24ஆம் தேதி, எனக்கு 27ஆம் தேதி. பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ராசி இன்னும் விடவில்லை பார். உங்கள் அப்பாவுக்கு மாற்றல் வராமல் இருந்திருந்தால் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஒருத்தியை ஒருத்தி வறுத்தெடுத்திருக்கலாம். இப்போது தபால்தான் கதி. ஆகவே ஓர் ஒப்பந்தம்: ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு நேர்முகக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும், மற்றவள் அதில் ஓட்டை கண்டுபிடிக்க வேண்டும்.

"ஏன் பல் மருத்துவம்?" இதுதான் முதல் கேள்வியாம். என் பதில் தயார். தம்பி சைக்கிளிலிருந்து விழுந்து முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. அம்மா அழுதுகொண்டே அதைக் குப்பையில் போடப் போனாள். நான் பிடுங்கி, ஒரு டம்ளர் பாலில் போட்டு, அவனையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அவர் அதை அதே குழியில் பொருத்திவிட்டார். இன்றும் அந்தப் பல்லால்தான் துரை நகம் கடிக்கிறான்.

எப்படி? இதை யாரிடமும் சொல்லாதே. மொத்தமே நாற்பது இடம். உன் பதிலை உடனே அனுப்பு.

அன்புடன்,
உன் வாயாடி

*

ஜூன் 7

அன்புள்ள வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் மிக நன்றாக இருக்கிறது. சில விவரங்கள் மட்டும் எழுது. பல்லை எந்தப் பக்கம் பிடித்தாய்? கழுவினாயா? விழுந்து எத்தனை நிமிடத்தில் டாக்டரிடம் போனாய்? பால் காய்ச்சியதா, காய்ச்சாததா? தம்பிக்கு அப்போது என்ன வயது?

என் பதில் இன்னும் அமையவில்லை. அமைந்ததும் எழுதுகிறேன். நேர்முகத்தில் வைக்கும், சாக்பீஸில் உருவம் செதுக்கும் கைத்திறன் சோதனைக்குத் தினமும் பழகுகிறேன். அதில் எனக்குப் பயமில்லை.

அன்புடன்,
அமுக்குணி

*

ஜூன் 12

என் அருமை அமுக்குணிக்கு,

உன் கேள்விகளை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "இவ என்னடி, போலீஸ் விசாரணை மாதிரி கேக்குறா?" என்றாள். வேரைத் தொடாமல் வெள்ளைப் பக்கத்தைப் பிடித்தேன். கழுவவில்லை. இருபத்தைந்து நிமிடம். பால் ஆறியது. தம்பிக்கு ஒன்பது வயது. போதுமா? மாட்டுக்கு என்ன நிறம் என்றும் எழுதவா?

என் பதில் முழுசாக உன் கையில் இருக்கிறது. உன் பதிலில் ஒரு வரிகூட என் கையில் இல்லை. இது எந்த ஊர் நியாயம்?

போகட்டும். நேற்று நம் கிளாஸ் லீடரைக் கடைத்தெருவில் பார்த்தேன். உன் பயிற்சி வகுப்பில்தான் அவளுடைய அக்கா மகளும் படிக்கிறாளாம். "உன் ஃபிரெண்டு கிளாஸ்ல ஒரு கதை சொன்னாளாம், பல்லைப் பால்ல போட்ட கதை, எல்லாரும் அசந்துட்டாங்களாம்" என்றாள். நானும் அசந்துவிட்டேன். உனக்கு எனக்கு முன்னாலேயே நேர்முகம். நீ சொன்ன பிறகு நான் அதையே சொன்னால் யார் காப்பியடித்தவள்?

சரி, விடு. உனக்கு ஒரு முக்கியமான செய்தி வைத்திருக்கிறேன். அங்கே மூன்றாம் ஆண்டு படிக்கும் எங்கள் தெரு அக்கா சொன்னார்: இடது கைக்காரர்களை அவர்கள் எடுப்பதில்லையாம். நாற்காலி, கருவி எல்லாமே வலது கைக்குத்தானாம். ஆகவே நீ வலது கையால் செதுக்கு. இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது, பழகிவிடலாம்.

உன் நலம் நாடும்,
வாயாடி

*

ஜூன் 17

அன்புள்ள வாயாடிக்கு,

நல்ல வேளை சொன்னாய். தெரியாமல் போயிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். வலது கையால் இதுவரை பதினெட்டு சாக்பீஸ் உடைத்தாயிற்று. "எதுக்கும்மா இந்தப் பாடு?" என்கிறார் அப்பா. அந்த அக்காவுக்கு என் நன்றியைச் சொல்.

வகுப்பில் உன் கதையைச் சொன்னது உண்மை. என் கதையாகச் சொல்லவில்லை. "இப்படி ஒருத்திக்கு நடந்தது சார், இதைச் சொன்னால் அவளை எப்படி மடக்குவார்கள்?" என்று கேட்டேன். நீ யாரிடமும் சொல்லாதே என்றிருந்தாய், அதை மீறியது தப்பு. மன்னித்துவிடு. சார் சொன்ன குறுக்குக் கேள்வி இது: "அது பால் பல்லாக இருந்திருந்தால் திருப்பிப் பொருத்தலாமா?" கூடாது. அடியில் வளரும் பல் கெட்டுவிடும். இதைக் கட்டாயம் படித்துக்கொண்டு போ.

என் பதிலைக் கேட்டாய். எழுத வெட்கமாக இருந்தது. என் முன்பற்கள் எப்படி இருந்தன என்று உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறி. சிரித்தால் கையால் மூடிக்கொள்வேன். பேசினால் தெரியும் என்பதால் பேச மாட்டேன். நீங்கள் எல்லோரும் அமுக்குணி என்றீர்கள். மனதில் எதையும் அமுக்கி வைக்கவில்லை, வாயைத்தான் மூடி வைத்திருந்தேன். கம்பி போட்டுச் சரிசெய்த டாக்டர் கண்ணாடியைக் கையில் கொடுத்த அன்று, பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் இறங்கும் வரை பேசிக்கொண்டே வந்தேன். இதைச் சொல்லலாமா? ஓட்டை இருந்தால் எழுது.

அன்புடன்,
அமுக்குணி

*

ஜூன் 25

வாயாடிக்கு,

என் 17ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கலாம்.

நேர்முகம் முடிந்தது. என் பற்களைப் பற்றிச் சொன்ன பதில் அவர்களுக்குப் பிடித்திருந்தது. ஒருவர் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு சாக்பீஸையும் கத்தியையும் கொடுத்தார்கள். வலது கையால் செதுக்கினேன். இரண்டு முறை உடைந்தது. மூன்றாவதைப் பாதியில் வாங்கி வைத்துவிட்டார்கள். "நீங்க லெஃப்ட் ஹேண்ட்தானே? கையெழுத்து அப்படித்தானே போட்டீங்க?" என்று கேட்டார் ஓரத்தில் இருந்தவர். அந்த அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று பேசாமல் நின்றேன். அவர் என் மதிப்பெண்ணை எழுதினார். இடது கையால்.

அதனால் சில விவரங்கள் எழுது. அந்த அக்கா உங்கள் தெருவில் எந்த வீடு? எப்போது சொன்னார்? யார் சொல்லிக் கேட்டாராம்? நீ கேட்டாயா, அவராகச் சொன்னாரா?

நாளன்றைக்கு உனக்கு. நன்றாகச் செய்.

அமுக்குணி

*

ஜூலை 4

என் அமுக்குணி,

அப்படி அழைக்க எனக்கு இனி வாய் வரக் கூடாது. வேறு எப்படி அழைப்பது என்றும் தெரியவில்லை.

எங்கள் தெருவில் அக்கா யாரும் இல்லை. நான் இட்டுக்கட்டியது. நீ என் கதையைத் திருடிவிட்டாய் என்று நினைத்து, உனக்கு எது நன்றாக வருமோ அதைக் கெடுத்தேன். உன் 17ஆம் தேதிக் கடிதம் 19ஆம் தேதியே வந்துவிட்டது. தந்தி ஆபீஸ் எங்கள் தெருமுனையில்தான். உன் நேர்முகத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. "இப்பதான் இவளுக்குக் கதை சொல்லத் தெரியுதாக்கும்" என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். உன் பற்களைக்கூட நான் நம்பவில்லை.

என்னிடம் என்ன கேட்டார்கள் தெரியுமா? பல்லை எந்தப் பக்கம் பிடித்தீர்கள். கழுவினீர்களா. எத்தனை நிமிடம். பால் பல்லாக இருந்தால் என்ன செய்வீர்கள். உன் கடிதத்தை யாரோ படித்துக் கேட்பது போல இருந்தது. தடங்கல் இல்லாமல் சொன்னேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

பட்டியலில் என் பெயர் இருக்கிறது. உன் பெயரைக் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டேன். கல்லூரிக்கு எல்லாவற்றையும் எழுதி, என் இடத்தை உனக்குத் தரச் சொல்லட்டுமா? நீ ஒரு வார்த்தை சொல், எழுதுகிறேன். திட்டியாவது ஒரு கடிதம் போடு.

வாயாடி

*

ஜூலை 15

அன்புள்ள தோழிக்கு,

கல்லூரிக்கு எழுதாதே. நீ விட்டால் அந்த இடம் காத்திருப்பவர்களில் முதலாவதாக இருப்பவருக்குப் போகும், எனக்கு வராது. நீ சேர்ந்து படி. உனக்கு நன்றாக வரும்.

திட்டச் சொன்னாய். இரண்டு முறை உட்கார்ந்து பார்த்தேன், வரவில்லை. அழுகைதான் வந்தது. அப்பாவிடம் கை தவறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வருடமும் விண்ணப்பிப்பேன். இப்போது மறுபடி இடது கையில் பழகுகிறேன். அழைப்பு வந்தால் தேதியை உனக்குச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன்னுடன் படித்தவள்