முன்பட்டனில் ஒரு பொட்டு

உன் கேமராவைத் துடைக்க உட்கார்ந்திருக்கிறேன். ஸ்பிரிட் வாசனை கடை முழுக்க அடிக்கிறது. லென்ஸை ஒட்டி, மோதிர விரல் போய் நிற்கிற இடத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பட்டன் மேல் ஒரு ஸ்டிக்கர் பொட்டு. அரக்குச் சிவப்பு, மிளகு அளவு. முதல்முறை பார்த்தபோது எரிச்சல்தான் வந்தது. பட்டன் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரிவதற்காக, ஆயுத பூஜைக்கு மோட்டார் சுவிட்சில் குங்குமம் வைக்கிற மாதிரி வைத்திருக்கிறாய் என்று நினைத்தேன். அது எங்கிருந்து வந்த பொட்டு என்று போன வாரம்தான் தெரிந்தது. அதனால்தான் இந்தக் கடிதம். மற்றபடி செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும்.

நீ செத்த விதத்திலேயே எனக்கு மரியாதை இல்லை. மஞ்சள் காமாலைக்கு மூன்று வாரம் கீழாநெல்லிச் சாறு குடித்துவிட்டு, கண் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்த பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். ரத்தம் டெஸ்ட் எடு என்று நான் முதல் வாரமே சொன்னேன். "ஏலே இஞ்சினியரு, ஒனக்கு எல்லாமே மிசினுதான்" என்று சிரித்தாய். கேமராவோடு வந்த புத்தகத்தைப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்த ஆள், உடம்பை மட்டும் எப்படிப் பார்த்துக்கொள்வாய்?

உனக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் வைத்தார்கள், நம் ஊர் போட்டோகிராபர்கள் எல்லோரும் சேர்ந்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே. அதில் உன் காதும் கழுத்தில் தொங்கும் கேமரா வாரும் பளிச்சென்று இருந்தன. கண் இரண்டும் மங்கல். ஃபோகஸ் பிடித்துப் பிழைக்கிற முப்பது பேர் அதன் அடியில் கைகட்டி நின்றார்கள். ஒருத்தனுக்கும் உறைக்கவில்லை. "சிரிச்ச முகம்ணே, அருமையா அமைஞ்சிருச்சு" என்றான் ஒருவன். இவர்கள்தான் மணமக்களைப் புகையில் நிற்கவைத்து, தலைக்கு மேல் டிரோன் ஓட்டி, கலை செய்வதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இவர்களில் பாதிப் பேருக்குத் தங்கள் கேமராவில் எத்தனை பட்டன் இருக்கிறதென்று தெரியாது. மீதிப் பேர் தெரிந்தும் தொட மாட்டார்கள்.

நீயும் அந்தக் கூட்டம்தான். ஒரே கடையில் ஆறு வருடம் நீ போட்டோ, நான் வீடியோ. ஆறு வருடமும் இதைப் பற்றித்தான் சண்டை. உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நீ ஒருநாளும் முழுதாகக் காது கொடுத்ததில்லை. கேமராவுக்கு இரண்டு விதமாக ஃபோகஸ் செய்யத் தெரியும். ஒன்று, சட்டத்துக்குள் எங்கே மனிதக் கண் இருக்கிறதென்று தானே தேடிப் பிடிப்பது. கல்யாணத்தில் முக்கால்வாசி நேரம் அது போதும். இன்னொன்று, ஒற்றைப் புள்ளி. நாம் எங்கே வைக்கிறோமோ அங்கே மட்டும் பார்க்கும். தாலி கட்டும்போது பெண் தலை குனிந்திருப்பாள், கண் தெரியாது. மாப்பிள்ளையின் கை, நாத்தனாரின் விரல், நடுவில் மழையாக அட்சதை. அந்த நேரத்தில் கண்ணைத் தேடச் சொன்னால் கேமரா பின்னால் எட்டிப் பார்க்கிற சித்தப்பாவின் கண்ணைப் போய்ப் பிடிக்கும். அரை நொடியில் புள்ளிக்கு மாற வேண்டும். நீயோ கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கி, மெனுவைத் திறந்து, நாலு அமுக்கு அமுக்கி, மறுபடி தூக்குவாய்.

"ஒரு பட்டன்ல வச்சுக்க மாப்ள. கண்ண எடுக்காம மாத்திரலாம்" என்பேன்.

"கம்பெனிக்காரன் யோசிக்காமலா வச்சிருப்பான்?"

"கம்பெனிக்காரன் சித்தையன்கோட்டையில கல்யாணத்தப் பாத்தானா?"

"நீ மட்டும் பாத்தியாக்கும். வீடியோவ ஸ்டாண்டுல நிறுத்திட்டுப் பந்தியிலதான கெடப்ப."

பக்கத்தில் ஆள் இருந்தால் சிரிப்பார்கள். நீ வாய்ப்பேச்சில் கெட்டிக்காரன். அதனாலேயே எனக்கு உன் மேல் இன்னும் ஏளனம். தெரியாததைச் சிரித்தே கடந்துவிடுகிற ஆட்களை எனக்கு அறவே ஆகாது.

ரெட்டியார்சத்திரம் பக்கத்துக் குடும்பம் ஒன்று. சம்பங்கியும் கனகாம்பரமும் போடுகிறவர்கள். மூத்த பெண்ணின் கல்யாணம் சித்தையன்கோட்டை மண்டபத்தில் நடந்தது. முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம் இருக்கும்போது நீ டிபனுக்குப் போனாய். உன் கேமரா நாற்காலியில் கிடந்தது. எடுத்தேன். ஷட்டரைப் பாதி அழுத்தினால் ஃபோகஸ் ஆகிற பழைய ஏற்பாட்டை அணைத்தேன். பின்பக்கம் கட்டைவிரல் பட்டனில் கண் தேடுவதை வைத்தேன். லென்ஸை ஒட்டிய முன்பட்டனில் ஒற்றைப் புள்ளி. ஷட்டர் இனிமேல் படம் மட்டும் எடுக்கும். ஐந்து நிமிட வேலை, சுத்தமான வேலை. நான் அமைத்ததில் இன்றைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. உன்னிடம் மட்டும் சொல்லவில்லை.

மறந்துபோனேன் என்று நீ நினைத்திருந்தால், அது இல்லை. கையில் எடுத்ததும் திண்டாடுவாய், என்னிடம் வந்து கேட்பாய், அப்போது சொல்லிக்கொடுக்கலாம் என்று இருந்தேன். நீ என்னிடம் வந்து கேட்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

உன்னைப் பந்தியில் பெண்ணின் மாமா பிடித்துக்கொண்டார். நீ மேடை ஏறும்போது ஐயர் தாலித் தட்டை எல்லோரிடமும் தொட்டுக் கும்பிட அனுப்பிவிட்டார். எதிர்ப்பக்கம் வீடியோவோடு நின்ற நான் உன் முகத்தைப் பார்த்தேன். பாதி அழுத்தினாய். மறுபடி அழுத்தினாய். கெட்டிமேளம் எழுந்துவிட்டது. "போகஸ் வரமாட்டேங்குதுலே" என்று கத்தினாய். சத்தம் கேட்கவில்லை, உதடு புரிந்தது. நான் கட்டைவிரலைத் தூக்கி, பின்னால், பின்னால் என்று ஆட்டினேன். நல்லா இருக்குன்னு சொல்றேன் என்று எடுத்துக்கொண்டாயோ என்னவோ, தலையாட்டிவிட்டுப் படமாகத் தட்டித் தள்ளினாய். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வேறொருவரும் பார்த்தார், அது பிறகு.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தபோது பின்திரையில் தொங்கிய பிளாஸ்டிக் ரோஜாக்கள் ஒவ்வொரு இதழும் கூர்மை. அதன் முன்னால் தாலியும் விரலும் பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரே மஞ்சள் கலங்கல். என் வீடியோவில் கிடைத்தது நாத்தனாரின் முதுகு.

அந்தப் பெண் கடைக்கு வந்து, திரையைப் பார்த்துக்கொண்டே அழுதாள். சத்தமில்லாமல். அப்பா அவள் பின்னால் நின்றார்.

"தாலி கட்டுனது ஒண்ணுகூட இல்லையா அப்பு?"

"கை நடுங்கிருச்சுங்கய்யா. என் தப்புதான்" என்றாய்.

நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தேன். அவர்கள் போனதும் நீ கத்துவாய் என்று காத்திருந்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன், நீயே படித்திருந்தால் இது நடந்திருக்காது என்று. நீ டீக்கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாய். "செத்த நேரம் அந்தப் பட்டன் என்னன்னு சொல்லிக் குடுலே." அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் கற்றுக்கொண்டாய். ஆறு வருடம் பிடிவாதம் பிடித்ததை. அன்றும் எனக்கு உன் மேல் கோபம்தான் வந்தது. திட்டக்கூடத் தெரியாத ஆள் என்று.

நீ போய் ஏழு மாதம். கேமராவை உன் மனைவி கொடுத்தனுப்பினாள். "இங்க இருந்தா தூசிதான் புடிக்கும், நீங்களே வச்சுக்கங்கண்ணே." போன வாரம் அந்தப் பூக்காரக் குடும்பத்திலிருந்து போன். இரண்டாவது பெண்ணுக்குத் தை மாதம் கல்யாணம் வைத்திருக்கிறார்களாம்.

"போட்டோ எடுக்குற தம்பி இருக்காப்லயா? அவரையே வரச் சொல்லுங்க."

இவர்களுக்கு என்ன கிறுக்கா என்றுதான் முதலில் தோன்றியது. தாலிப் படத்தைக் கோட்டைவிட்டவனையே மறுபடி யார் கூப்பிடுவார்கள்? போனில் சொல்லாமல் நேரில் வருகிறேன் என்றேன். இதையும் எழுதிவிடுகிறேன்: துக்கத்தைச் சொல்வதற்கு மட்டும் நான் போகவில்லை. உனக்கு வந்த வேலையை நானே எடுத்துக்கொள்ளலாம் என்றும் போனேன்.

நடுக்கூடத்துச் சுவரில் ஒரு படம். பெரிதாகச் சட்டம் போட்டது. குனிந்த கழுத்து, வயதான இரண்டு விரல், புது மஞ்சள் கயிறு, அதில் கோர்க்கிற தாலி. கயிற்றின் முறுக்கு இழை இழையாகத் தெரிகிறது. விரலிடுக்கில் மஞ்சள் பொடிகூடத் தெரிகிறது. கயிற்றுக்குப் பின்னால் பெண்ணின் முகம் மெல்ல மங்கியிருக்கிறது. கண்ணைத் தேட விட்டிருந்தால் கேமரா அந்த முகத்துக்குத்தான் ஓடியிருக்கும். இது ஒற்றைப் புள்ளி. முன்பட்டன். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் எந்த விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இது யாரு எடுத்தது?"

"அந்தத் தம்பிதான்" என்றார் அப்பா. "மூணாம் மாசம் தாலி பிரிச்சுக் கோர்த்தோம்ல, பொண்ணோட மாமாகிட்ட தேதியக் கேட்டுக்கிட்டு அவராவே வந்துட்டாரு. கூப்புடவே இல்ல நாங்க. கட்டுறதத்தான் விட்டுட்டேன், கோர்க்குறதையாச்சும் எடுத்துக்கிறேன்னாரு."

"பட்டன் வெரலுக்கு அகப்பட மாட்டேங்குதுன்னு, எங்க மககிட்ட ஒரு பொட்டு கேட்டு வாங்கி ஒட்டிக்கிட்டாரு" என்றார் அம்மா, காபியை வைத்துக்கொண்டே. "அம்புட்டுப் பயம் அவருக்கு. மறுபடியும் விட்டுருவமோன்னு."

என்னிடம் நீ அன்றைக்கு ஆத்தூரில் மருதாணிப் படம் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய். பொய் சொல்லவும் உனக்குச் சரியாக வராது, நான்தான் கேட்டுக்கொள்ளவில்லை.

நீ இல்லை என்பதைச் சொன்னேன். அப்பா தலையில் கட்டியிருந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதான அன்னைக்கு மேடையில சிரிச்சது?"

"ஆமா."

"எதுக்குன்னு இப்ப வரைக்கும் நெனைச்சுக்கிட்டே இருக்கேன்."

பேசாமல் காபியைக் குடித்துவிட்டு வந்திருக்கலாம். நீ செத்தாயிற்று, கை நடுங்கியதாக நீயே சொல்லியாயிற்று. ஆனால் அந்தச் சட்டத்துக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, உன் கை நடுங்கியது என்ற பேச்சை என்னால் சகிக்க முடியவில்லை. அந்தப் படத்தை எடுத்த கை நடுங்குகிற கை இல்லை. தொழில் தெரிந்த எவனும் அதை ஒத்துக்கொள்ள மாட்டான்.

"அவன் கை நடுங்கலங்க. அவன் சாப்பிடப் போனப்ப, நான்தான் சொல்லாமக் கொள்ளாம அவன் கேமராவுல பட்டன மாத்தி வச்சேன்."

"எதுக்கு?" என்றார் அப்பா.

"அவன் கத்துக்கட்டும்னு."

"எங்க புள்ள கல்யாணத்துலயா?" என்றார் அம்மா.

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

அப்பா வாசல் வரைக்கும் வந்தார். "நாங்க வேற ஆளப் பாத்துக்கிறோம் தம்பி. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். செருப்பு மாட்டும்போது, "அந்தப் புள்ளையோட சம்சாரம் எங்க இருக்காக? ஒரு எட்டுப் போயிப் பாத்துட்டு வாரோம்" என்றார். விலாசத்தைச் சொன்னேன். அவர் முடிவு சரி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் காபியே கொடுத்திருக்க மாட்டேன்.

இன்னொன்றும் பாக்கி. அந்த ஃபிளெக்ஸில் இருந்த படம், காது மட்டும் தெளிவாக இருந்த படம், அது நான் எடுத்தது. டீக்கடை வாசலில், அவசரத்தில், உன்னைத் திட்டிக்கொண்டே. உன் படம் அது ஒன்றுதான் கிடைத்தது. முப்பது பேருக்கும் உறைக்கவில்லை என்று எழுதினேனே, ஒருவேளை உறைத்திருக்கும். யார் எடுத்ததென்று தெரிந்து, என் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் விட்டிருப்பார்கள். எனக்கு மனிதர்கள் செய்கிற அந்த வேலை பழக்கமில்லை, அதனால் அடையாளம் தெரியவில்லை.

இப்போது கடையில் போட்டோவுக்கு இன்னொருவர் இருக்கிறார். ஒட்டன்சத்திரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாளைக்கு ஆத்தூரில் முகூர்த்தம். சாயங்காலம் அவரிடம் கடைக் கேமராவைக் கொடுத்து, எந்தப் பட்டனில் என்ன இருக்கிறதென்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"தெரியுமுங்க தம்பி, எத்தன வாட்டித்தான் சொல்லுவீங்க?"

"தெரிஞ்சாலும் அமுக்கிக் காட்டுங்க" என்றேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே அமுக்கிக் காட்டினார். இதுதான் இப்போது என் வழக்கம். அவருக்குப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டாம்.

உன் கேமராவை நான் வைத்துக்கொள்கிறேன். எழுதிக்கொண்டே ஓரத்தைத் துடைத்தேனா, ஸ்பிரிட் பட்டுப் பொட்டு நகர்ந்து பஞ்சோடு வந்துவிட்டது. பட்டன் மேல் பசை மட்டும் இருக்கிறது. இன்னொரு துடை துடைத்தால் அதுவும் போய்விடும். கேமராவில் பசை இருப்பது தப்பு, தூசி ஏறும், யார் கொண்டுவந்தாலும் முதலில் அதைத்தான் எடுப்பேன்.

பாட்டிலை மூடி வைத்துவிட்டேன். மோதிர விரலை வைத்துப் பார்த்தேன். லேசாக ஒட்டுகிறது.