கடல் தெரியும் வீடு, கோடைக்கு மட்டும்

2011 மே 27, வெள்ளி

மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டேன். நல்ல பீங்கான் தட்டுகள் அலமாரிக்குள் போயின, பூட்டும் போட்டாயிற்று. விளிம்பு உடைந்தவை வெளியே. புது விரிப்புகள் உள்ளே, சாயம் போனவை கட்டிலில். என் சொந்த வீட்டில் நானே திருடி மாதிரி ஒளித்து ஒளித்து வைக்கிறேன்.

மகள் கல்யாணச் செலவுக்கு என்று ஒரே ஒரு கோடைக்குத்தான் இந்த வீட்டை வாடகைக்கு விட்டோம். கல்யாணம் முடிந்து, பேரனுக்குப் பல் விழுந்து முளைத்தும் ஆயிற்று. இன்னும் ஜூன் பாதியானால் கெய்ரோக்காரர்கள் உள்ளே, நாங்கள் வெளியே. அவர்கள் போய், காற்று குளிர ஆரம்பித்த பிறகு திரும்பி வருவோம். அலெக்சாண்ட்ரியாவில் பிறந்து, சீதி பிஷ்ரில் கடலைப் பார்த்த பால்கனியும் வைத்துக்கொண்டு, ஒரு ஆகஸ்டில்கூட அதில் உட்காராதவள் என்னைத் தவிர யாராவது இருக்கிறாளா?

வழக்கமாக வருகிற நெர்மின் கெய்ரோவிலிருந்து கூப்பிட்டாள். "அக்கா, இந்தத் தடவை எங்கெங்க போகலாம் சொல்லுங்க. பிள்ளைங்களுக்குப் போன வருஷம் பார்த்ததெல்லாம் அலுத்துப்போச்சு."

சொன்னேன். கய்த்பாய் கோட்டைக்கு வெயில் தாழ்ந்து போ. முந்தஸா தோட்டத்துக்கு வெள்ளிக்கிழமை மட்டும் போகாதே, கால் வைக்க இடம் இருக்காது. மீன் என்றால் அன்ஃபூஷிக்குப் போய் நீயே செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கு, பக்கத்து அடுப்பில் கொடுத்தால் சுட்டுத் தருவான். வருஷா வருஷம் இதே பாட்டு. நான் அந்தக் கோட்டைக்குப் போய் எத்தனை காலம் ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை.

"கொடுத்து வெச்சவங்க அக்கா நீங்க. வருஷம் பூரா கடலைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க" என்றாள்.

பார்க்கிறேன். ஜனவரியில், கண்ணாடியைச் சாத்திவிட்டு.

ஜூன் 3

கர்மூஸில் இருக்கிற நாத்தனார் இக்ராம் கூப்பிட்டாள். கோடை முழுக்க அவள் வீட்டுக் கூடத்தில்தான் எங்கள் படுக்கை. "என்ன இப்திசாம், கடற்கரைக்காரங்க எப்ப வர்றீங்க? உனக்காக மின்விசிறியை ரிப்பேர் பண்ணி வெச்சிருக்கேன். சத்தம் கொஞ்சம் வரும். அலைச் சத்தம்னு நினைச்சுக்கோ."

வாழைப்பழத்தில் ஊசி ஏற்ற இவளிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். "சரி அக்கா" என்றேன். 

ஜூன் 10, வெள்ளி

என் காதையே நம்ப முடியவில்லை. காலையில் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே என் வீட்டுக்காரர் ரிஃபாத் சொல்கிறார், "இந்த வருஷம் வீட்டை விட வேண்டாம் இப்திசாம். நாமளே இருப்போம்."

துறைமுகக் கிடங்கில் காலம் முழுக்கச் சாக்கு எண்ணிவிட்டு ஓய்வு பெற்றவர். சட்டை ஒன்று வாங்கவே மூன்று கடை ஏறி இறங்குகிற மனுஷன். பணம் எங்கிருந்து வந்தது என்றேன். வந்தது என்றார். எங்கிருந்து? "வந்ததுன்னா வந்தது. சாப்பிடு."

சாப்பிட்டேன். 

ஜூன் 11

விஷயத்தைக் கறந்துவிட்டேன். ஹாஜி மித்வல்லி என்று ஒரு கட்டிட ஒப்பந்தக்காரன். மசூதியில் பழக்கமாம். அவன் கட்டப்போகிற கோபுரக் குடியிருப்புக்கு உரிமம் ரிஃபாத் பெயரில், அதற்குக் கூலிதான் அந்தப் பணம். ஐந்து மாடிக்கு அனுமதி வாங்கிப் பதினைந்து மாடி எழுப்புவான். பிறகு வழக்கு வந்தால், உரிமத்தில் யார் பெயர் இருக்கிறதோ அந்த ஏமாளி மேல் வரும். மித்வல்லியின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. இப்படிப் பெயர் கொடுக்கிறவனை இங்கே கஹூல் என்பார்கள். தெருவில் ஒருவனை அப்படிச் சொன்னால் அடிக்க வருவான். அதை என் புருஷன் தேடிப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

"உங்களைப் பிடிச்சு உள்ள போட்டா?"

"யார் பிடிக்கிறது? ஜனவரிப் புரட்சியில தெருவை விட்டு ஓடிப் போன போலீஸ் இன்னும் வீட்டுலதான் இருக்கு. ஊர் முழுக்க அவனவன் கட்டுறான். மித்வல்லி என் பேரைத்தானே கேட்டான்? என் பேரை வெச்சு நான் இதுவரைக்கும் என்ன பண்ணிட்டேன்?"

 கட்டிடம் எங்கே என்று கேட்டேன். மியாமி பக்கம் எங்கேயோ என்றார். அமெரிக்கா மியாமி இல்லை, இதே கடற்கரையில் ஒரு பேட்டை.

பயமாக இருக்கிறது. இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், பொய் எதற்கு? சாயந்திரம் மூட்டையை அவிழ்த்தபோது என்னையறியாமல் முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13

நெர்மினுக்குச் சொன்னேன். "என்ன அக்கா, கடைசி நேரத்துல இப்படிக் கழுத்தறுத்துட்டீங்களே!" என்றாள். என் வீட்டில் நான் இருந்தால் அவள் கழுத்து அறுபடுகிறது.

தரகன் அஷூர் தெருமுனையில் சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றான். "வீட்டுக்காரங்களே வீட்டுல இருந்துக்கிட்டா நாங்க எங்க போறது அக்கா?" என்றான். கர்மூஸுக்குப் போ, கூடம் காலியாக இருக்கிறது என்றேன்.

ஜூலை 1, வெள்ளி

காலை முழுக்கப் பால்கனியில். தேநீர், எள் ரொட்டி, வெண்ணெய்க்கட்டி. எதிரே அந்தப் பழைய வில்லா, அதன் கொய்யா மரம், அதற்கு மேலே கடல். இந்த நீலம் குளிர்காலக் கடலில் கிடையாது. குடைகள், பிள்ளைகளின் கூச்சல், வறுத்த விதை விற்கிறவனின் குரல். கீழே மளிகைக் கடைக்குக் கயிற்றில் கூடையை இறக்கி, ஒன்றும் தேவையில்லாமல் ஒரு தீப்பெட்டி வாங்கினேன். கூடை ஏறி வருவதைப் பார்க்கிற ஆசைதான்.

ரிஃபாத் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லாருக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அழுதுவிடுவேன் போல இருந்தது.

ஜூலை 14

அல்லாவே, இதை எப்படி எழுத?

காலையில் தடதடவென்று சத்தம். வில்லாவின் கூரை மேல் ஆட்கள், கையில் சம்மட்டி. கொய்யா மரம் அதற்குள் படுத்துக் கிடக்கிறது. நானும் அவரும் இறங்கி ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினோம். வில்லா வாசலை ஒட்டி நாற்காலி போட்டு, வெள்ளை அங்கியில், தொப்பையோடு ஒரு ஆள். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

"டேய், எந்திரிங்கடா. முதலாளி வர்றார்."

கூரை மேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவன் சம்மட்டியைத் தூக்கி ரிஃபாத்துக்கு சலாம் வைத்தான்.

"சும்மா சொல்லக் கூடாது அக்கா, நல்ல மனசு உங்க வீட்டுக்காரருக்கு" என்றான் மித்வல்லி. "கோணல் கேள்வி எதுவும் கேக்கலை."

ரிஃபாத்தைத் திரும்பிப் பார்த்தேன். கையிலிருந்த ரொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். மியாமி பக்கம் எங்கேயோ.

ஜூலை 15

நேற்று முழுக்கப் பேசவில்லை. இன்று பேசினேன். பேசினேனா, கத்தினேன்.

"நம்ம கண்ணு முன்னாடி சுவர் எழுப்ப நீங்களே கையெழுத்துப் போட்டீங்களா?"

"நான் போடலைன்னா அடுத்த வீட்டு வாட்ச்மேன் போடுவான். வில்லாவை மித்வல்லி எப்பவோ வாங்கிட்டான். சுவர் எப்படியும் வரத்தான் போகுது. வர்றதுக்குள்ள ஒரு கோடையாவது நீ உன் வீட்டுல இருக்கட்டும்னு நினைச்சேன். வேற என்ன குடுத்தேன் உனக்கு இத்தனை வருஷத்துல?"

"அதுக்குப் பொய் வேறயா?"

"சொல்லியிருந்தா நீ உட்கார்ந்திருப்பியா?"

மாட்டேன். அதுதான் வயிற்றெரிச்சல். சொல்லியிருந்தால் கடலைப் பார்த்திருக்கவே மாட்டேன், அவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நல்லதுக்குச் செய்தாரா, கெட்டதுக்குச் செய்தாரா? சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் காசு வாங்கிக்கொண்டு வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 5, ரமலான்

என் பால்கனியில் முதல் கோடை நோன்பு. பருப்பு சூப்பில் சுண்ணாம்புத் தூசி. பேரீச்சம்பழத்தைத் துடைத்துத் துடைத்துத் தின்றோம். இக்ராம் நோன்பு திறக்க வந்திருந்தாள். "எங்க வீட்டுக் கூடத்துல தூசி கிடையாது" என்றாள். பதில் சொல்ல வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது.

நவம்பர் 20

இன்று கடல் போயிற்று.

காலையில் இரண்டு தூணுக்கு நடுவே ஒரு துண்டு இருந்தது. மத்தியானம் கொத்தனார் வந்து செங்கல் வைத்து மூடினான். நல்ல பையன். என்னைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்கம்மா" என்றான். இத்தனை பேரில் அந்த வார்த்தையைச் சொன்னது அவன் ஒருத்தன்தான்.

2012 மார்ச் 6

போலீஸ் திரும்பி வந்துவிட்டதாம். யாரைப் பிடிக்க? எங்கள் வீட்டுக்காரரை.

நகராட்சி ஆட்கள் குளிர்காலத்திலேயே வந்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனார்கள். வேலை நிற்கவில்லை. அனுமதி இல்லாத ஒவ்வொரு மாடிக்கும் ரிஃபாத் அப்துல் மகீத் மேல் குற்றம். நீதிமன்றத்தில் அவர் பெயரைக் கூப்பிட்டிருக்கிறார்கள், போகாததால் அவர் இல்லாமலே தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். சிறை. 

மித்வல்லியைக் கூப்பிட்டோம். "வக்கீல் பார்த்துப்பார், சின்ன விஷயம்" என்றான். மறுபடி கூப்பிட்டால் தொலைபேசி அணைந்திருக்கிறது.

மார்ச் 9

தமன்ஹூருக்கு வெளியே இக்ராமின் மகனுக்குக் கோழிப்பண்ணை. அங்கே ஒளிந்துகொள்ளப் போய்விட்டார். ஒவ்வொரு ஜூனும் நாங்கள் தூக்கிக்கொண்டு போகிற அதே பை. நான்தான் கட்டிக் கொடுத்தேன். பழக்கமான கை, கேட்காமலே மடித்து வைக்கிறது.

படியில் நின்று, "கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கோ" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

ஜூன் 15, வெள்ளி

வெட்கத்தை விட்டு அஷூரிடம் நானே போனேன். வாடகைக்கு விடுகிறேன், வக்கீலுக்குக் கொடுக்க வேண்டும் என்றேன். சாவிக்கொத்தை ஆட்டுவதை நிறுத்திவிட்டான்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. வர்றவங்க முதல்ல கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான், கடல் தெரியுமா? நான் என்ன சொல்ல? எதிர்வீட்டுக்காரங்க துணி காயப்போடறது தெரியும்னா?"

"பாதி வாடகைக்குக் கொடு."

"பாதிக்குத் தர்றதுக்குப் புது கோபுரத்துலயே பின்பக்க வீடுங்க இருக்கு. லிஃப்ட் வேற."

கோடை முழுக்க என் வீட்டில் இருக்கலாம். யாரும் வந்து வெளியே போ என்று சொல்லமாட்டார்கள்.

ஜூலை 7

தமன்ஹூர் போய் வந்தேன். இளைத்துவிட்டார். கோழித் தீவன மூட்டைகளுக்கு நடுவே ஒரு கட்டில். பேன் கடிக்கிறது என்று கையைச் சொறிந்துகொண்டே இருக்கிறார். திட்டவேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன். பார்த்ததும் எல்லாம் மறந்து, "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.

கிளம்பும்போது கேட்டார், "பால்கனியில உட்கார்றியா?"

"தினமும்" என்றேன்.

பொய். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 24, வெள்ளி

பெருநாள் முடிந்து தெருவெல்லாம் கெய்ரோ வண்டிகள். காலையில் துணி எடுக்கப் பால்கனிக் கதவைத் திறந்தேன். எதிரே, கை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரத்தில், கோபுரத்தின் சமையலறைப் பால்கனியில் வெங்காயம் உரித்துக்கொண்டு ஒருத்தி. நெர்மின்.

"அக்கா! நீங்களா? நம்ப முடியலையே. நாங்க இங்கதான் எடுத்திருக்கோம். முன்பக்கம் பூராவும் கடல். கண்ணை எடுக்க முடியலை போங்க."

"சந்தோஷம்" என்றேன்.

"உங்க வீடுதான் பாவம், இருட்டிப்போச்சு. போன வருஷம் எங்களை வேண்டாம்னுட்டீங்க, அதுக்குத்தான்" என்று சிரித்தாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத பெண். அதனால்தான் சுருக்கென்று தைக்கிறது. "பக்கத்துலயே இருக்கீங்க, நல்லதாப் போச்சு. பிள்ளைங்களை இன்னிக்கு எங்க கூட்டிட்டுப் போக?"

"வெள்ளிக்கிழமை முந்தஸா வேண்டாம். கோட்டைக்குப் போ, வெயில் தாழ்ந்து."

"மீனு?"

"அன்ஃபூஷி. செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கு."

வெங்காயத் தோலை எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே போட்டாள். அது சுற்றிச் சுற்றிக் கீழே போயிற்று. கொய்யா மரம் நின்ற இடம்.

"யார் அக்கா கட்டினது இதை? எந்த மகராசனோ, அல்லா அவருக்கு நல்ல ஆயுசைக் கொடுக்கட்டும்."

"ரிஃபாத் அப்துல் மகீத்."

"யாரு, நம்ம ரிஃபாத் அண்ணனா?"

"அவரேதான். வேணும்னா நகராட்சியில போய்க் கேட்டுப் பாரு."

வெங்காயக் கண்ணீரோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "உங்க வாய் இருக்கே! ஆமா, அண்ணன் எங்க, காணோம்?"

"கோடைக்கு வெளியூர் போயிருக்கார்."

"அப்படியா! தங்கற இடம் நல்லாருக்கா?"

"சொந்தக்காரங்க இடம். காத்தோட்டமா இருக்கு. பார்க்கத்தான் ஒண்ணும் இல்லை."

"வந்ததும் சொல்லுங்க, மீன் சமைச்சு அனுப்பறேன்" என்றாள்.

துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். நாளைக்குத் தமன்ஹூர் போகவேண்டும். அவருடைய கம்பளிச் சட்டையைத் தேடி எடுத்து வெயிலில் போடலாம் என்று பார்த்தால் பால்கனியில் வெயில் விழுவதில்லை, மொட்டை மாடிக்குத்தான் போகவேண்டும். குளிர்காலமும் அவர் தமன்ஹூரில்தான் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.