பன்னிரண்டு நாளா, ஒன்பது வாரமா

மார்ச் 3

இன்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நாற்பத்தொரு வயதில் இது எனக்குப் புதிதில்லை. ஆனால் பத்துச் சக்கர வண்டியில் மாட்டியது இதுதான் முதல் தடவை.

முதலாளி கூப்பிட்டு, ஜூன் முதல் புக்கிங் ரூம் கிடையாது என்றார். எந்த லாரி எங்கே போகணும், எத்தனை மணிக்குக் கிளம்பணும் என்பதையெல்லாம் இனி டிரைவரின் ஃபோனே சொல்லிவிடுமாம். பதினாறு வருஷமாக ஷெட்டின் ஓரத்துக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். "உனக்கு வேற என்ன வேலை தரதுன்னு தெரியலைம்மா. காலியா இருக்கிறது டிரைவர் சீட்டு ஒண்ணுதான்" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான் சொன்னார்.

"அதையே குடுங்க, ஓட்டறேன்" என்றது என் வாய். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் சிரிப்பு நின்றது. "மே கடைசிக்குள்ள ஹெவி லைசென்ஸோட வா. சீட்டை வெச்சிருக்கேன்" என்றார்.

எனக்கு ஓட்டத் தெரிந்தது வீட்டுக்காரரின் சின்ன வேன். லாரியைப் பொறுத்தவரை, ஓட்டுகிறவர்களை ஃபோனில் திட்டிய அனுபவம் நிறைய உண்டு.

மார்ச் 5

வீட்டுக்காரர் தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டார். "எந்த லாரி?"

"பெரிய லாரி."

"வேனைத் திருப்பும்போதே கண்ணை மூடிக்குவியே?"

இவரோடு பத்தொன்பது வருஷம் குடித்தனம். ஒரு நல்ல வார்த்தை முதலில் வருமா? வராது. ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு, "மகள் காலேஜ் போற வரைக்கும் என் தையல் ஒண்ணை நம்பி ஓட்ட முடியாது. நீ ஓட்டு" என்றார்.

மார்ச் 9

இரண்டு டிரைவிங் ஸ்கூல் பார்த்தேன்.

முதலாவது கடைத்தெருவில். ஏசி, கண்ணாடிக் கதவு, சுவரெல்லாம் பாஸ் பண்ணினவர்கள் படம். "பன்னிரண்டு நாள் மேடம். பதிமூணாம் நாள் லைசென்ஸ். ஃபெயிலே கிடையாது" என்றாள் மேஜைப் பெண். எனக்கு மேடம் என்ற வார்த்தை ரொம்பப் பிடித்தது.

இரண்டாவது ஊர்க்கோடியில், தகரக் கூரை, முன்னால் பொட்டல். சொல்லிக்கொடுப்பவள் என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவள். கழுத்தில் விசில். ஒன்பது வாரமாம்! முதல் வாரம் சீட்டில் ஏறவே விடமாட்டாளாம்.

"அப்போ என்ன பண்றது?"

"லாரிக்குப் பின்னாடி நிக்கணும்க்கா."

நிற்கிறதுக்கு ஒரு வாரமா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் தனியாகச் சிரித்தேன். பக்கத்து சீட்டுப் பெண்மணி எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள்.

மார்ச் 10

மகள் நோட்டில் கோடு போட்டு இரண்டு ஸ்கூலையும் ஒப்பிட்டாள். பிறகு பென்சிலைக் கடித்துக்கொண்டு, "அம்மா, பன்னிரண்டு நாள்ல கத்துக்கிட்டவங்க லாரி ஓட்டிட்டு வந்தா, அது பக்கத்துல நான் சைக்கிள்ல போகலாமா?" என்றாள்.

பதினைந்து வயதுக்கு வாய் ஜாஸ்தி. யாரைக் கொண்டு பிறந்திருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. போய்ப் படி என்றேன்.

மார்ச் 12

நத்தையிடம் கேட்டேன். எங்கள் ஷெட்டின் மூத்த டிரைவர். அந்தப் பெயரை வைத்தது நான்தான். ரிவர்ஸ் எடுக்கும் முன் இறங்கி, வண்டியைச் சுற்றி நடந்து, குனிந்து பார்த்து, மறுபடி ஏறி, மறுபடி இறங்கி... "அண்ணே, ரிவர்ஸ் எடுக்க இவ்வளவு நேரமா? கல்யாணமா பண்றீங்க?" என்று ஆயிரம் தடவையாவது ஃபோனில் கத்தியிருப்பேன். மற்றவர்கள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டுச் சிரிப்பார்கள். என் ஃபோனில்கூட அவர் நம்பர் 'நத்தை' என்றுதான் இருக்கிறது.

"நான் நாலு மாசம் கத்துக்கிட்டேன்மா" என்றார்.

நாலு மாசம்! அதுதான் மந்தத்துக்குக் காரணம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் அறிவே அறிவு.

மார்ச் 14

பன்னிரண்டு நாள் ஸ்கூலில் சேர்ந்துவிட்டேன். மேடம்.

மார்ச் 19

ரிவர்ஸ் இவ்வளவு சுலபமா! இதற்கா அந்த மனுஷன் இறங்கி இறங்கி ஏறினார்?

மைதானத்தில் ஒரு டயரை வெள்ளையடித்துப் புதைத்திருக்கிறார்கள். சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு. இடது கண்ணாடியில் வெள்ளை டயர் தெரிந்ததும் ஸ்டியரிங்கை இரண்டு சுற்று ஒடிக்கணும். சிவப்புப் பொட்டு தெரிந்ததும் நேராக்கணும். பிரேக். முடிந்தது. டெஸ்டும் இதே மைதானத்தில்தான்.

ஒரு லாரிக்கு ஆறு பேர் என்பதால் ஆளுக்கு இருபது நிமிஷம்தான் கிடைக்கிறது. பன்னிரண்டு நாளுக்கு இருபது இருபது நிமிஷமாகக் கூட்டினால் நாலு மணி நேரம். இந்தக் கணக்கை மகளிடம் சொல்லப்போவதில்லை.

மார்ச் 27

பாஸ்! வெள்ளை டயர், சிவப்புப் பொட்டு, பிரேக். அதிகாரி தலையாட்டினார். கண்ணாடிக் கதவுப் பக்கத்தில் என் படமும் ஏறப்போகிறது. வீட்டுக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுக் கைகொடுத்தார். மெஷினை நிறுத்தினார் என்பதை எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 2

புக்கிங் ரூமை மூட ஜூன் வரை காத்திருக்க வேண்டாம். இன்று நானே மூடிவிட்டேன்.

முதலாளி சாவியைக் கொடுத்து, "அந்தக் காலி வண்டியை லோடு மேடையில விடும்மா, பார்ப்போம்" என்றார். டிரைவர்கள் எல்லாரும் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதினாறு வருஷமாக நான் திட்டின கடன். ஏறினேன். ரிவர்ஸ் போட்டேன். இடது கண்ணாடியில் வெள்ளை டயரைத் தேடினேன்.

எங்கள் ஷெட்டில் நூறு டயர் கிடக்கும். எல்லாம் கறுப்பு.

வண்டி போய்க்கொண்டே இருக்கிறது, நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். "நிறுத்து! நிறுத்தும்மா!" என்று நத்தை கத்தினது கேட்டது. அதற்குள் கண்ணாடி நொறுங்கும் சத்தம். இறங்கிப் போய்ப் பார்த்தால் புக்கிங் ரூம் சுவர் உள்ளே சரிந்திருக்கிறது. என் நாற்காலி அப்பளமாகிக் கிடந்தது.

நான் இல்லாத நேரம் அந்த நாற்காலியில் வாட்ச்மேன்தான் உட்கார்ந்திருப்பார். இன்றும் இருந்தாராம். ஐந்து நிமிஷம் முன்னால் டீ குடிக்க எழுந்து போயிருக்கிறார். கிளாஸோடு திரும்பி வந்தவர் நாற்காலியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். திட்டித் தொலைச்சிருக்கலாம். ஏன் திட்டலை அந்த மனுஷன்?

யாருமே சிரிக்கவில்லை.

ஏப்ரல் 3

அஞ்சு நிமிஷம். வெறும் அஞ்சு நிமிஷம்.

ஏப்ரல் 5

முதலாளி கோபப்படவில்லை. அதுதான் சங்கடம். "எப்படியும் இடிக்கவேண்டிய ரூம்தானே" என்றார். "லைசென்ஸ் கையில இருக்கு. திங்கட்கிழமையிலேர்ந்து ஏறு. ஓட்ட ஓட்டப் பழகிடும்."

யார் மேல் ஏற்றிப் பழகுவது?

"வேண்டாங்க. எனக்கு ஓட்டத் தெரியாது. ஒழுங்காக் கத்துக்கிட்டு வரேன்" என்றது வாய். இந்தத் தடவை நான் சொல்லித்தான் அது சொன்னது.

"மே கடைசி வரைக்கும்தான் பொறுப்பேன். அதுக்கு மேல சீட்டு நிக்காதும்மா."

ஏப்ரல் 8

ஊர்க்கோடி, தகரக் கூரை. விசிலிடம் (சொல்லிக்கொடுப்பவளுக்கு நான் வைத்த பெயர்) எல்லாவற்றையும் சொன்னேன். இன்றிலிருந்து ஒன்பது வாரம் என்றால் ஜூன் பத்து. "பத்து நாள் குறைக்க முடியாதா?" என்று கெஞ்சினேன்.

"குறைக்கலாம்க்கா. எந்தப் பத்து நாளை எடுத்துடட்டும்? ரிவர்ஸா, இறக்கமா, மழையா? நீங்களே சொல்லுங்க."

ஒன்பது வாரத்துக்கும் பணம் கட்டினேன். நானா? நானா பேரம் பேசாமல் கட்டினேன்?

ஏப்ரல் 10

நிற்கிறேன். மூன்று நாளாக லாரிக்குப் பின்னால் நிற்கிறேன். வேறு யாரோ ரிவர்ஸ் எடுக்க, நான் பின்னால் நின்று கைகாட்டணும். அப்புறம் ஓட்டினவர் இறங்கி வந்து நான் எங்கே நின்றேன் என்று சொல்லணும். இன்று நான் பம்பருக்கு நேர் பின்னால், நாலடி தூரத்தில் நின்றேன். "அக்கா அங்க இல்லவே இல்ல, வெளிய போயிருந்தாங்க" என்றான் ஓட்டினவன், சத்தியம் பண்ணாத குறையாக.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுடைய கண்ணாடிகளில் நான் உலகத்திலேயே இல்லை.

நத்தை ஏன் இறங்கினார் என்று பதினாறு வருஷம் கழித்து, வெயிலில் நின்று, புரிந்துகொண்டேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். எனக்கு அது வரவே நாலடி இடைவெளி தேவைப்பட்டிருக்கிறது.

ஏப்ரல் 24

விசில் என்னை மரியாதையாகத் திட்டுகிறாள். "அக்கா, உங்களுக்கு அவசரமா? அப்போ இறங்கி நடந்து போங்க அக்கா." எல்லாத் திட்டுக்கும் முன்னால் ஒரு அக்கா, பின்னால் ஒரு அக்கா.

மே 8

இறக்கத்தில் இரண்டாவது கியரில், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு இறங்கினேன். கண்ணை மூடவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "ரெண்டு கண்ணையுமா?" என்றார்.

மே 31

முதலாளி ஃபோன் பண்ணினார். சீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டாராம். "பத்து நாள்தாம்மா குறுக்கே நின்னுது. நீதான் கேக்கலை" என்றார். அவர் மேல் தப்பில்லை. சொன்ன தேதி வரை காத்திருந்தார்.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பதினாறு வருஷம் போன இடம். இனிமே காலையில எழுந்து எங்க போவேன்? எல்லாம் என் வினை. முதல்லயே விசில்கிட்ட சேர்ந்திருந்தா மே பாதிக்குள்ள முடிச்சிருப்பேனே! அவசரப்பட்டுத்தானே லேட்டானேன். இதைவிடப் பெரிய முட்டாள் இருப்பாளா?

வெளியே வந்தால் மகள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்திருக்கிறாள், நாளைக்கு நான் ஸ்கூலுக்கு எடுத்துப்போக. வீட்டுக்காரர் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு, "இன்னும் பத்து நாள்தானே. போய் முடிச்சிட்டு வா" என்றார்.

ஜூன் 10

முடித்தேன். படம் எதுவும் எடுக்கவில்லை. தகரத்தில் மாட்டினால் நிற்காதாம்.

ஜூலை 2

தண்ணீர் கேன் கம்பெனியில் இன்டர்வியூ. மேனேஜர் கேள்வியே கேட்கவில்லை. சாவியைத் தந்து, சந்தில் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னார். மூன்று தடவை இறங்கிப் பார்த்தேன். முடித்தபோது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போச்சு என்று சாவியை நீட்டினேன். "வெச்சுக்கோங்க. நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்க" என்றார்.

ஆகஸ்ட் 19

இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் கேன் இறக்க வேண்டியிருந்தது. கேட்டுக்குள் ரிவர்ஸ். இறங்கிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. ஏறினேன். மனசு கேட்கவில்லை, மறுபடி இறங்கினேன். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். முதல் வகுப்பு இருக்கும். "ஆச்சு ஆன்ட்டி, ஒரு நிமிஷம்" என்றாள். "நிதானமாக் கட்டும்மா" என்றேன்.

அவள் கட்டி முடிக்கும் வரை ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் கம்பெனியின் புக்கிங் பையன்.

"அக்கா, ரிவர்ஸ் எடுக்க இவ்வளவு நேரமா? உங்களுக்கு ஆமைன்னு பேர் வெச்சிருக்கோம், தெரியுமா?" பின்னால் நாலு பேர் சிரிப்பது கேட்டது. ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான்.

"நல்ல பேருப்பா. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் நத்தைக்கு ஃபோன் போட்டு, ஆமை பேசுகிறேன் என்றேன். ரொம்ப நேரம் சிரித்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போட்டேன். சிரிப்பில் அதைச் சொல்ல இடம் கிடைக்கவில்லை. லேஸ் கட்டின பெண்ணைப் பற்றிச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, "எத்தனாவது தடவை இறங்கினப்பம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டாவது தடவை அண்ணே."

"ம்" என்றார்.

வைத்த பிறகு ஃபோனில் அவர் பெயரை மாற்றினேன். இப்போது 'அண்ணன்' என்று இருக்கிறது.