கண்ணில்லாத மயில்

இரண்டு நாளாக அடைமழை. பீரோவைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசத்தையும் மீறிக்கொண்டு சந்தனம் மணக்கிறது. ஊசி நூல் போட்டு வைத்திருக்கும் பிஸ்கட் டப்பாவிலிருந்துதான். ஈரம் பட்டால் பழைய சந்தனத்துக்கு உயிர் வந்துவிடும் என்று நீ சொன்னது சரியாகத்தான் இருக்கிறது. நீ சொன்னது எதுதான் தப்பாகப் போனது! உன்னிடம் எனக்கு ஆகாதவற்றில் அதுவும் ஒன்று.

தாம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி நமக்கு. எண்பதுகளில் ரயில்வே காலனிப் பக்கம் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. கட்டில், அலமாரியோடு லேஸ் வைத்த வெயில் குடைகளும், தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளி அங்குஸ்தான்களும், எலும்பில் செய்த ஊசிக்கூடுகளும், மடக்கு விசிறிகளும் வராந்தாவில் விலைக்கு வரும். மற்றவர்கள் பிரிட்ஜுக்கு ஓடுவார்கள். நாம் இரண்டு பைத்தியங்கள் மட்டும் இவற்றுக்கு ஓடுவோம். ஞாயிற்றுக்கிழமை நீ சர்ச்சில் பூசை முடித்து வருவாய், நான் சமையலை முடித்து வருவேன்.

சண்டை வரக்கூடாதென்று நாமே ஒரு சட்டம் போட்டோம். எந்தப் பொருளில் யார் கை முதலில் படுகிறதோ அது அவருக்கு. அப்புறம் வாய் திறக்கக் கூடாது. சட்டம் போட யோசனை சொன்னது நான். பலன் அனுபவித்தது நீ. எனக்கு வாய்த்தது விரிசல் விட்ட அங்குஸ்தான், கம்பி துருத்திய குடை. உனக்கென்றால் பட்டு உறையோடு, புத்தம் புதுசாக. "உன் கை ராசிடீ" என்று எல்லோர் எதிரிலும் சிரித்தபடி சொல்வேன். வயிறு எரியும்.

அந்த விசிறியை முதலில் பார்த்தது நான்தான். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் சொல்கிறேன், நான்தான் பார்த்தேன். அந்த வீட்டம்மா கொடுத்த எலுமிச்சை ஜூஸ் ஒரு கையில், என் ஓட்டைக் குடை மறு கையில். தம்ளரை எங்கே வைப்பது என்று நான் முழிப்பதற்குள் நீ அட்டைப்பெட்டிக்குள் கையை விட்டுவிட்டாய்.

"ஐயோ, சந்தனம்டீ! இங்க மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். வேறென்ன செய்ய?

நாடா இற்றுப்போய் இதழ் இதழாகக் கழன்று கிடந்தது. ஒவ்வொரு இதழும் விரல் அகலச் சந்தனத் தகடு, ஊசிமுனை நுழையும் அளவு துளைகள். வரிசையாக அடுக்கினால் தோகை விரித்த மயில். மறுநாளே ஆபீஸில் அதை என் மடியில் போட்டாய். "உனக்குத்தான் பொடித் தையல் வரும். நீயே நாடா கோத்துக் குடுடீ, எனக்கு ஊசில நூலே ஏறாது." அப்படிச் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? என்னிடம் அதை நம்பிக் கொடுத்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒரு வாரம் வைத்திருந்து இளநீல நாடாவில் கோத்தேன். என் தையலிலேயே அதுதான் உசத்தி. மயிலின் கண் இருந்த ஒற்றை இதழை மட்டும் கோக்காமல் ஊசி டப்பாவின் அடியில் போட்டேன். கண்ணில்லாத மயிலை யார் மதிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். பொருள் சேர்க்கிறவர்களுக்கு மட்டுமே வரும் புத்தி அது. ஓரிடத்தில் பின்னமானால் முழுதும் குப்பை என்று நினைப்போம்.

நீ விரித்துப் பார்த்தாய். "ஏய், மயிலுக்குக் கண்ணக் காணோமே?"

"பெட்டியில இவ்ளோதான் இருந்துச்சு."

ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். அப்புறம் சிரித்தாய். "பரவால்ல போ. குருட்டு மயில் விசிறினாலும் காத்து வருது பாரு!"

அன்றிலிருந்து அதைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டாய். என் பொருளெல்லாம் கண்ணாடி அலமாரியில் தூசி படாமல் உட்கார்ந்திருக்க, நீ அந்த அருமையான விசிறியை எடுத்துப் பிளாட்பாரத்தில் டப் டப்பென்று வீசுவாய். குரோம்பேட்டை ரயிலில் முன்பின் தெரியாத பிள்ளைத்தாய்ச்சிக்கு வீசிவிட்டாய். கோவளம் போன அன்று கடற்கரையில் மீன்காரம்மாவிடம் கொடுத்துவிட்டாய். அவள் நாலு வீசு வீசி, "சோக்கா கீதும்மா, சாமி ரூம்பு வாசன வருது" என்றாள். எல்லாருக்கும் உன்னையும் பிடித்தது, உன் குருட்டு மயிலையும் பிடித்தது. என் அலமாரியைப் பார்த்து யாரும் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

போன வருஷம் மே மாத வெயிலில் நீ போய்விட்டாய். சேலையூர் வீட்டுக்கு வந்தேன். கைக்குட்டையில் சுற்றி அந்த இதழையும் எடுத்து வந்திருந்தேன், கொடுத்துவிடத்தான். பெட்டிக்குள் நீ படுத்திருந்தாய். ஜெபமாலைக்குப் பக்கத்தில் விசிறியை விரித்து வைத்திருந்தார்கள். இளநீல நாடா வெளுத்திருந்தது, ஆனால் என் தையல் ஒன்றுகூட விடவில்லை.

"அம்மாவுக்கு ரொம்ப வேர்க்கும் ஆன்ட்டி, அதான் வெச்சேன்" என்றாள் உன் மகள். "மயிலோட கண்ணு எங்கேம்மான்னு சின்ன வயசுல கேட்டுட்டே இருப்பேன். ஊருக்குப் போயிருக்கு, வந்துரும்னு சொல்லுவாங்க."

உனக்குத் தெரியுமா, தெரியாதா? தெரிந்தும், அப்புறம் ஒன்றாக வேலை பார்த்த பதினோரு வருஷமும் என் டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சை சாதம் எடுத்துத் தின்றாயா? பூப்போட வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கைக்குட்டைக்குள் விரல்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. பூவை மட்டும் போட்டேன். அதையும் பெட்டிக்குள் வைத்திருந்தால் மயில் முழுசாகியிருக்கும், அதுவும் உன்னுடையதாகவே ஆகியிருக்கும். செத்துக் கிடந்த உன் மேலும் எனக்குப் பொறாமை விடவில்லையடி.

உன்னை மண்ணில் வைத்தார்கள். எங்கள் வீட்டு வழக்கப்படி என்னை எரிப்பார்கள், இனி மயிலும் கண்ணும் சேர வழியில்லை. காலையில் மழை கொஞ்சம் விட்டது, உன் கல்லறைக்கு வந்து மண்ணில் செருகிவிடலாம் என்று இதழை டப்பாவிலிருந்து எடுத்தேன். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். அப்புறம் வாசலிலேயே நின்று அதை விசிறிப் பார்த்தேன். ஒற்றை இதழ், காற்றே வரவில்லை.

திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.