மல்துணிக்குள் காய்த்தது

1998 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. இன்றோடு எனக்கு அறுபத்தெட்டு வயது, நான்கு மாதம், மூன்று நாள்.

காலையில் வேலைக்கு வந்த சரசு வாசற்படியிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். "ஏனுங்கம்மா, எலி எங்கியோ செத்துக் கெடக்குதுங்க." பீரோவுக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். நான் தடுக்கவில்லை. அங்கே பெருக்கி ஆறு மாதமாகிறது. அந்தப் பயனாவது கிடைக்கட்டும். நாற்றம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்தது. உன் கள்ளிமுளையான் பூத்திருக்கிறது.

இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களை நான் மதித்ததில்லை. இருந்தும் எழுதுகிறேன். நான் சொல்ல வேண்டியதன் விபரீதம் தாவரவியல் படித்த உனக்குத்தான் முழுதாக விளங்கும்.

ஒரே கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர்கள் நாம். மற்றவர்கள் காசிக்குப் போனார்கள்; நீ என்னைப் பல்லடம் பஸ்ஸில் ஏற்றினாய். ஊருக்கு அப்பால், கல்குவாரியின் விளிம்பில் எஞ்சிய பாறையொன்றில் அந்த ஒற்றைக் கள்ளிமுளையான் புதர் இருந்தது. நாற்கோணத் தண்டு, இலை கிடையாது. எலுமிச்சை அளவில், உறைந்த இரத்தத்தின் நிறத்தில் உருண்டைப் பூங்கொத்து. அழுகிய இறைச்சியின் வாடையை அது தானே உண்டாக்குகிறது. பிணமென்று நம்பி ஈ வருகிறது, முட்டையும் இடுகிறது. பொரிந்து வந்த புழுக்கள் தின்ன எதுவுமின்றிப் பூவின்மேலேயே காய்ந்து கிடக்கும். நீ பூதக்கண்ணாடி வைத்து அவற்றைப் பார்ப்பாய். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஈயின் காலில் மெழுகுத் துணுக்கைப் போல மகரந்தம் மாட்டிக்கொள்ளும். அது வேறொரு புதரின் பூவைச் சேர்ந்தால்தான் காய். தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத இனம் அது. மற்றப் புதர்களையெல்லாம் குவாரி தின்றுவிட்டிருந்தது. ஆகவே இது பூத்தது, நாறியது, ஈக்களை வரவழைத்தது. இரண்டு ஆண்டுகளாகக் காய்க்கவில்லை. உன் கேள்வி ஒன்றுதான்: கடைசியாக நிற்கும் ஒன்று தன் விதியை மீறுமா?

தொண்ணூற்று மூன்றில், மொட்டிலேயே ஒரு கொத்துக்கு மல்துணி உறை போட்டு அடியைத் தைத்தாய். எங்கிருந்தாவது ஓர் ஈ அயல் மகரந்தத்தைச் சுமந்து வந்தாலும் உள்ளே நுழையக்கூடாது. காய்த்தால் அது தானாகக் காய்த்ததாக இருக்க வேண்டும். ஆடு மேய்க்கும் மாராத்தாள் நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள். "ஏனுங்கம்மணி, செடிக்கு எதுக்குங்க முக்காடு?"

"ஈக்கு மூஞ்சி காட்டக் கூடாதுன்னுதானுங்க," என்றாய்.

"அப்பறம் புள்ளை எப்படீங்க பொறக்கும்?"

"அதத்தானுங்க பாக்கறோம்."

அவள் சிரித்துக்கொண்டே ஆடுகளை ஓட்டிப் போனாள்.

ஐந்தாம் வாரம் நாம் திரும்பிப் போனபோது பூ வாடி வெகுநாளாகியிருந்தது. நாற்றம் இல்லை. ஆனாலும் உறையின்மேல் ஈக்கள் கருப்பாக அப்பியிருந்தன. ரீங்காரம் இல்லை. கையை வீசினேன், ஒன்றும் பறக்கவில்லை. மாராத்தாளின் ஆடுகள் பத்தடி தள்ளி, மேயாமல், நம்மையே பார்த்துக்கொண்டு நின்றன. தையல் குலையவில்லை என்று இருமுறை சரிபார்த்துவிட்டு நூலை அறுத்தாய். காய்ந்த கொத்தின் நடுவிலிருந்து இரண்டு பச்சைக் கொம்புகள் நேராக வானத்தைப் பார்த்து நின்றன. ஒரு ஜோடிக் காய். எட்டிப் பார்த்த மாராத்தாள் இம்முறை சிரிக்கவில்லை. "வேண்டாமுங்க, மூடிப்போடுங்க," என்றாள்.

'தானே காய்த்தது' என்று நோட்டில் எழுதினாய்.

அந்த வாரமே, உன் வயிற்றில் கட்டி இருக்கிறது, உடனே அறுத்தெடுக்க வேண்டும் என்றார் டாக்டர். நீ மறுத்தாய். "அடுத்த பூப்பு வரட்டும். ஒருக்கா காச்சாச் சேதி. மறுக்கா காச்சாத்தான் உண்மை."

"அதுக்குப் பத்து மாசம் இருக்குது அம்மிணி. கட்டி காத்திருக்குமா?"

"இருக்கட்டும். அதுக்கு வேறென்ன சோலி? அறுத்துப்போட்டா நான் மறுக்கா பாறை ஏற மாட்டேன்."

மூன்று நாள் கழித்து, உன் சமையலறையில், நீ ரசத்துக்குத் தக்காளி பிசைந்துகொண்டிருந்தபோது சொன்னேன். "அந்தத் தையல நாந்தான் பிரிச்சேன். ஆனைமலைப் பக்கம் இன்னொரு புதர் கண்டேன். அதோட மகரந்தத்தக் கொண்டாந்து வெச்சு, அதே ஊசி ஓட்டையில திருப்பித் தெச்சுப்போட்டேன்."

"எதுக்கு?"

"வெறும் பூவயே வருசக்கணக்காப் பாத்துட்டு இருந்தே. பொறுக்கல."

நீ கை கழுவினாய். நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, அந்த வரியின் குறுக்கே இரண்டு கோடு போட்டாய். அதன்பின் உனக்குக் காத்திருக்கக் காரணம் இல்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியில் சேர்ந்தாய்.

அறுவை முடிந்து எட்டு நாள் நான் உன் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். எட்டு நாளும் நீ சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய். ஒன்பதாம் நாள் மாலையில், திரும்பாமலே கேட்டாய். "மகரந்தத்த எதுல எடுத்து வெச்சே?"

"பிரஷ் முடியில."

"ஒத்த முடியா?"

"ஒத்த முடிதான்."

"நேர்த்தியாத்தான் செஞ்சிருக்கறே, திருடி."

மறுநாள் காலையில் நீ இல்லை.

பாறையும் இப்போது இல்லை. வெடி வைப்பதற்கு முன் ஒரு தண்டை ஒடித்து வந்து தொட்டியில் ஊன்றினேன். ஆண்டுதோறும் உன் முறைப்படியே உறை போடுகிறேன். ஒரு காய் கிடையாது. பூக்காத மாதங்களில் துணிக்கொடியில் உலரும் வெறும் உறையின்மேல் சில ஈக்கள் வந்து உட்காருகின்றன. அவை பறப்பதில்லை. அதற்கு விளக்கம் தேடுவதை விட்டுவிட்டேன்.

என்னோடு இருப்பது உன் நோட்டும், நீ என்னைத் தப்பாகப் பாராட்டிய ஒரு வாக்கியமும்.

ஆனைமலையில் எந்தப் புதரையும் நான் கண்டதில்லை. உன்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு வேறு பொய் கிடைக்கவில்லை. நீ கோடு போட்டு அடித்த வரி சரியானது. அந்த உறையை நான் தொடவே இல்லை.