பீரோ மேலே இல்லாத துப்பாக்கி

எங்களை அதட்டியே வளர்த்த அருமை நைனாவுக்கு,

நீ போன பிறகு நம் வீட்டில் பெரிய சண்டை. சொத்துக்கு இல்லை, பயப்படாதே. சொத்து எங்கே இருக்கிறது? உன் துப்பாக்கிக்குத்தான்.

தி. நகர் நகைக்கடை வாசலில் காவலுக்கு நீ காலமெல்லாம் பிடித்து நின்ற அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியை, உன் காரியம் முடிந்ததும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். லைசென்ஸ் உன் பெயரில்தானே இருந்தது? அதைத் தன் பெயரில் வாங்க உன் மகன் சேகர் மனுப் போட்டான். "துப்பாக்கியோட வந்தா நைனா எடத்த எனக்கே தரேன்னு கடைல சொல்லிக்கினு கீறாங்கக்கா. திருடன் வந்தா கும்புட்டா போய்டுவானா?" என்றான்.

"தி. நகர் கூட்டத்துல சுட்டா திருடனத் தவிர எல்லார் மேலயும் படும்டா" என்றேன். அவன் கேட்கவில்லை. அவன் பேச்சிலும் நியாயம் இருந்தது. கடைக்குக் காவல் வேண்டும்தான். ஆனால் அவனுக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது உனக்குத் தெரியாதா? அந்தக் கையில் துப்பாக்கி என்று நினைத்தே எனக்கு ராத்தூக்கம் போயிற்று.

போன மாதம் எதிர்வீட்டு மணி நம் கே.கே. நகர் வீட்டு வாசலை அடைத்து பைக்கை நிறுத்திவிட்டான். பேச்சு முற்றி, உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை விட்டுவிட்டான். சேகர் உள்ளே ஓடினான். நேரே பீரோ மேலே கையை விட்டுத் துழாவினான். நீ துப்பாக்கி வைக்கும் அதே இடம். அது ஸ்டேஷனில் இருப்பதே கோபத்தில் அவனுக்கு மறந்துவிட்டது. கையில் தட்டுப்பட்டது ஒட்டடைக் குச்சி. அதைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தான்.

"இன்னா மச்சி, அப்படியே எங்க வூட்டு ஒட்டடையும் அடிச்சிட்டுப் போ!" என்றான் மணி. தெருவே சிரித்தது. மணியும் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளி நிறுத்தினான். சேகர் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டான். குச்சியைக் கீழே வைத்தான்.

"துப்பாக்கி இருந்திருந்தா அதத்தான் எடுத்திருப்பேன்க்கா."

நைனா, அதை எங்களோடு ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு நீ எப்படித் தூங்கினாய்? பயமே இல்லையா, இல்லை பயந்தும் சொல்லாமல் இருந்தாயா?

மறுநாளே அவன் மனுவைத் திரும்பப் பெற்றான். துப்பாக்கி எங்களுக்கு வேண்டாம், அரசே வைத்துக்கொள்ளட்டும் என்று எழுதிக் கொடுத்தோம். கடைக்காரர் முதலில் முகம் சுளித்தார். பிறகு கேமரா பார்க்க ஆள் வேண்டும் என்று அவனையே சேர்த்துக்கொண்டார். இப்போதெல்லாம் காலையில் மணிதான் அவனைக் கடையில் இறக்கிவிடுகிறான். எனக்கும் நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.

அத்தனை வருஷம் துப்பாக்கியோடு நின்றும், ஒருவர் மேலும் குண்டு படாமல் நீ வேலையை முடித்தாய். சேகரும் அப்படியே முடிப்பான். அதற்கு நான் பொறுப்பு.

உன் கோபத்தை எல்லாம் தம்பிக்கே விட்டுக்கொடுத்த
உன் மூத்த மகள்,
செல்வி